எண்பத்தொன்றாவது பிள்ளை

இயேசு மரி சூசை துணை

13.9.2006

அன்பு மகள் ஆனி ரோசுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குட்டி ஜெனிட்டாவும் அடைக்கல மாதா புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை மரிய ஆல்பர்ட்டும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், போனில் எதைக் கேட்டாலும் நல்லாயிருக்கோம்ப்பா என்று ஒரே பதிலைத்தானே சொல்கிறாய். நீ எழுதிய கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஜெனிட்டாவுக்கு டி.சி. வாங்கி வையுங்கள், காலாண்டு லீவில் வந்து அவளை டெல்லிக்குக் கூட்டிப்போகிறேன், இங்கே கான்வென்ட்டில் யாரோ மாற்றலாகிப் போன இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். டி.சி. நான் வாங்கவில்லை. மறந்துபோகவில்லை, முழங்காலும் காரணமில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பள்ளிக்கூட வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். காரணத்தைச் சொல்கிறேன், ஆபீசில் பைல் பார்க்கிற மாதிரி முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்க்காமல் முழுசாகப் படி.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும், உன் அம்மா போனில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கியிருப்பாள். நம்மூர் ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் ரொம்ப வருஷமாக இரண்டே ஆசிரியர்கள்தான். தலைமை ஆசிரியை ஜெயலட்சுமி பாதி நாள் ஆண்டிமடத்தில் மீட்டிங்கில் இருப்பார். ஆண்டவர் சார் மீதி நாள் வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, பயிற்சி என்று ஏதாவது ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருப்பார். அவர்களைக் குறை சொல்லவில்லை, போ என்றால் போகத்தானே வேண்டும். ஆனால் ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே ஹாலில் உட்கார்ந்து கத்திவிட்டு, மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தன. கல்விக் குழுவில் நானும் ஒரு ஆள் என்பதால் மூன்றாவதாக ஒரு டீச்சர் கேட்டு மனு மேல் மனு போட்டேன். உன் அம்மாவும் தெருப் பெண்களும் மனுவை நம்பவில்லை. டீச்சர் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறோம் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்கள். போன வருஷம் விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து மலர்கொடி வந்து சேர்ந்தாள். வந்தது மனுவாலா மாதாவாலா என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் நடக்கிற வழக்கு இன்னும் தீரவில்லை. யாரால் வந்தாளோ, வந்தவள் உட்காரவேயில்லை. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் தனியாகப் பிரித்துக்கொண்டு போய்ப் புது அறையில் வைத்துக்கொண்டாள். நம் ஜெனிட்டா மாட்டுத் தீவன மூட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறாள். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் தடுமாறினால் கையில் இருக்கிற தாளைப் பார்த்து அடுத்த வார்த்தையை என் காதில் சொல்கிறாள். ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் பெயரைத் தப்பாக எழுதுகிற பிள்ளைகளை இதே தெருவில் பார்த்தவன் நான், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேர்த்தியைத்தான் இந்த ஆகஸ்டில் தீர்த்தார்கள். கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விடியற்காலையில் காவி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நடக்க முடியாத சின்னதுகளுக்குப் பின்னாலேயே டிராக்டர், அதில் உன் மகளும் ஏறி உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினாள். ஒரு லீவு நாளாகப் பார்த்துப் போகக் கூடாதா என்று நான் கேட்காமல் இல்லை. கொடியேத்தம் ஒங்க லீவப் பாத்துக்கிட்டா வருதுங்க, நேந்துக்கிட்டத நாளைக்கிப் பாத்துக்கலாம்னு சொன்னா மாதா சும்மா இருப்பாளா என்று என் வாயை அடைத்தாள் உன் அம்மா. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் ஜீப் வந்து நின்றது. எங்கேயோ இல்லாத பிள்ளைகளின் பெயரை எழுதி டீச்சர் வாங்கிவிட்டார்கள் என்று புகாராம், அதனால் இந்த வருஷம் நேரில் வந்து தலையை எண்ணுகிறார்களாம். ஜெயலட்சுமி டீச்சர் உள்ளாட்சித் தேர்தல் வகுப்புக்கு ஆண்டிமடம் போய்விட்டார், ஆண்டவர் சார் பட்டியலோடு காலனித் தெருவில். மலர்கொடி மட்டும் மிச்சமிருந்த பத்தொன்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு நான் ஓடினேன், இந்தக் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் யாத்திரை போயிருக்கிறார்கள், நாளை மறுநாள் வந்துவிடுவார்கள் என்றேன். பள்ளிக்கூட நாள்ல எந்த ஊர்லங்க இத்தன புள்ளைங்கள யாத்திரைக்கு அனுப்புவாங்க, கத சொல்லாதீங்க பெரியவரே என்றார் அந்த அதிகாரி. எதற்கு நேர்ந்துகொண்டு போனார்கள் என்று கேட்டார். மூன்றாவது டீச்சர் வந்ததற்காக என்று நான் சொன்னதும் கூட வந்த கிளார்க் சிரித்தே விட்டான். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அது நம்மூராக இல்லாமல் இருந்திருந்தால். பத்தொம்பது புள்ளைக்கு ஒரு டீச்சர் போதுமே, பாடமும் நல்லாத்தானே நடத்துறாங்க என்று மலர்கொடியைப் பாராட்டி எழுதிக்கொண்டு போனார். பத்து நாளில் ஆர்டர் வந்தது. இங்கே ஒரு டீச்சர் உபரியாம். கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டுமாம். ஆக, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இல்லாத இரண்டு பேரும் இங்கே இருப்பார்கள், நின்று பாடம் நடத்தியவள் உபரி. இதை எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ தெரியவில்லை.

இதில் எனக்கு உன் மேல்தான் கோபம், சிரிக்காதே. மிக்கேல் மகள் டெல்லியில் பட்ஜெட் போடுகிற ஆபீசில் இருக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நீ அங்கே கணக்கைச் சரிபார்க்கிறவளே தவிர முடிவு செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும், டீக்கடையில் யாருக்கும் தெரியாது. பிப்ரவரி மாதம் டி.வி.யில் பட்ஜெட் படித்தால் எனக்குத்தான் கேள்வி வருகிறது. படிப்புக்கு இத்தனை ஆயிரம் கோடி என்கிறார்கள், கண்ணையன் கடை போன் பில்லில்கூடக் கல்வி வரி என்று தனியாகப் போட்டு வாங்குகிறார்கள், நம்மூருக்கு என்ன வந்தது என்று கேட்கிறார்கள். வரவில்லை என்றும் சொல்ல முடியாது. டைல்ஸ் போட்ட அறை வந்தது, அதற்குச் சாய்தளமும் கைப்பிடியும் வந்தன, சுவரில் கிளியும் இந்தியப் படமும் வரைந்துவிட்டுப் போனார்கள், செலவுக் கணக்கைப் பெரிதாக எழுதி வாசலில் ஒரு போர்டு நட்டார்கள். டி.வி. பெட்டி ஒன்று வந்தது, திருட்டுப் போய்விடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறது. இத்தனையும் கேட்காமல் வந்தன. கேட்டு வாங்கியது ஒரு டீச்சர், அதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அன்றைக்குப் போனில் நீ சொன்னாயே, கட்டடத்துக்கு ஒதுக்குனதச் சம்பளத்துக்கு எடுக்க முடியாதுப்பா, தலைப்பு வேற, அதுவும் டீச்சர் போஸ்ட் ஸ்டேட் கையில இருக்கு என்று. உன் அம்மாவும்தான் தனித்தனியாக முடிந்து வைக்கிறாள், திருவிழாவுக்கு ஒரு முடிச்சு, உரத்துக்கு ஒரு முடிச்சு. நீ ஆறாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் கிடந்தாயே, அப்போது இது உரத்து முடிச்சாயிற்றே என்று பார்த்துக்கொண்டு நின்றாளா? எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டினாள். இன்னொன்றும் சொன்னாய், அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அறை கட்டினால் ஒரு தடவைச் செலவு, டீச்சரைப் போட்டால் முப்பது வருஷச் சம்பளம், பிறகு பென்ஷன், அதனால்தான் அரசாங்கம் யோசிக்கிறது என்றாய். சரிதான். ஆனால் பிள்ளைகள் மட்டும் ஒரு தடவை பிறந்துவிட்டு நின்றுவிடுகிறார்களா? வருஷா வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு வந்துகொண்டேதானே இருக்கிறார்கள்? இதைக்கூட யோசிக்காமல் அத்தனை பெரிய ஆபீஸ் எதற்கு?

மனசு பொறுக்காமல் பெரம்பலூருக்குப் போனேன். அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், நமக்குக் கொஞ்சம் பக்கமாயிற்றே என்று மூச்சு விடுவதற்குள் திரும்பவும் சேர்த்துவிட்டார்கள், ஆக ஜெயங்கொண்டம் போய், அரியலூரில் சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்று, அப்புறம் இன்னொரு பஸ். பாதர் எழுதிக் கொடுத்த தாளையும், யாத்திரையில் எடுத்த போட்டோவையும் கொண்டுபோனேன். போட்டோவில் டிராக்டர் நிறையப் பிள்ளைகள், எல்லாம் காவியில். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசு, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது, மீதியை வைத்துக்கொண்டுதான் பேசினேன். போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். நாற்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்பது கணக்கு, எண்பதைத் தாண்டினால்தான் மூன்றாவது டீச்சர், ஒன்று குறைந்தாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வர்ற இருபத்தஞ்சாந் தேதி திங்கக்கெழம திரும்ப ஒரு தடவ எண்ணச் சொல்றேங்க, அன்னைக்கி எல்லாப் புள்ளையும் இருக்கணும், கல்விக் குழு சார்பா நீங்க கையெழுத்துப் போட்டுத் தரணும், இந்தப் புள்ளைங்க வருஷக் கடைசி வரைக்கும் இங்கதான் படிக்கும்னு என்றார். நல்ல மனுஷன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவு நிம்மதியாக வந்தேன்.

நடுவில் வீட்டுச் சேதியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா பள்ளிக்கூடத்தைத் தவிர ஒன்றும் எழுதுவதில்லை என்பாய். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. முந்திரிக் கொல்லையில் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, நானும் உன் அம்மாவும்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறோம், அவள் வேளாங்கண்ணிக்கு நடந்த கால்வலியை ஒத்துக்கொள்ளாமல் கொல்லைக்கு வருகிறாள். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போகிறார் என்று நீ சொன்னாய், நான் சொன்னதாகக் கொஞ்சம் அழுத்தியே சொல். நீ காலையில் சாப்பிடாமல் ஆபீஸ் ஓடுகிற பழக்கத்தை விடு. எடுத்து வைத்த முந்திரிப் பருப்பில் உனக்குக் கொஞ்சம் தனியாக வறுத்து வைத்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலர்கொடி போகப்போகிறாள் என்று ஆர்டர் வந்த வாரமே, ஒரு தனியார் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன் நம் தெருவுக்கு வந்து ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டுவிட்டுப் போயிற்று. டீச்சரே இல்லாத இடத்தில் எதற்கு என்று சில வீடுகளில் பிள்ளைகளை மாற்றிவிட்டார்கள். நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன், தனம் மட்டும் தன் இரண்டு பிள்ளைகளையும் திரும்பக் கொண்டுவந்து விட்டாள், மற்றவர்கள் பணம் கட்டியாயிற்று என்றார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை, டீச்சர் போகிறாள் என்று பயந்து அவர்கள் போகிறார்கள், அவர்கள் போனதால் டீச்சர் போகிறாள். ஜெயலட்சுமி டீச்சரோடு உட்கார்ந்து முந்தாநாள் ஒவ்வொரு பெயராக எண்ணினேன். சரியாக எண்பத்தொன்று வருகிறது. அந்த எண்பத்தொன்றில் ஒன்று ஜெனிட்டா. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், உன் கடிதத்தைப் பற்றி அவருக்கு உன் அம்மா சொல்லியிருக்கிறாள். எண்ணி முடிந்த மறுநாளே டி.சி. வாங்கிக் கூட்டிப்போக வேண்டியதுதானே என்று கண்ணையன் எனக்கு வழி சொல்லித் தந்தான். சட்டப்படி யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வருஷக் கடைசி வரைக்கும் படிப்பாள் என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறவன் நான். கதை சொல்லாதீங்க பெரியவரே என்று ஒரு ஆள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் பெரம்பலூர்வரை போய் வந்தேன், இப்போது நானே கதை சொல்ல மாட்டேன்.

மலர்கொடி காதுக்கும் இது போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஐயா, பாப்பாவ அனுப்பி வச்சுருங்க, எனக்கு எந்த ஊருக்குப் போனாலும் புள்ளைங்க இருக்கும், பாப்பாவோட அம்மாவுக்கு அது ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு, உன் அம்மா போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் கெஞ்சியிருந்தால் நான் சுலபமாக முடியாது என்று சொல்லியிருப்பேன். உன் அம்மா உன் பக்கம்தான், தெரிந்துகொள். பெத்தவகிட்டேருந்து புள்ளயப் பிரிச்சு வச்சுத்தானா பள்ளிக்கூடம் நடத்தணும், டெல்லிக்காரன் செய்ய வேண்டிய வேலைக்கி எம் பேத்தியா கெடச்சா என்று இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஜெனிட்டாவின் துணிகளை எல்லாம் துவைத்து மடித்துப் பையில் வைத்துவிட்டாள். நான் பிரிக்கச் சொல்லவும் இல்லை, கட்டச் சொல்லவும் இல்லை.

அவளை மூன்று வயசில் இங்கே விட்டுவிட்டுப் போனபோது நீ ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாய். திரும்பிப் பார்த்தால் போக மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான்கு வருஷம் காத்திருந்து இப்போதுதான் குவார்ட்டர்ஸ் கிடைத்து, பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்து, பிள்ளையோடு இருக்கலாம் என்று சந்தோஷமாக எழுதுகிறாய். அதற்கு நான் இப்படி ஒரு பதில் எழுதுகிறேன். ஒரு தாயிடம் கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறேன், எனக்கே கூச்சமாக இருக்கிறது. வர்ற ஏப்ரல்வரை ஜெனிட்டா இங்கே இருக்கட்டும் அம்மா. அந்தக் கான்வென்ட் இடம் போய்விடும், திரும்பவும் நீ வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நம்மிடம் இருப்பதை எதற்கு முதலில் கொடுப்பது என்று வருஷா வருஷம் உங்கள் ஆபீசில் உட்கார்ந்து பேசுகிறீர்கள், எங்களை யாரும் கேட்டதில்லை. இங்கே நம் வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை. அவளை எதற்கு முதலில் கொடுப்பது என்பதை நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் கட்டாயம் வந்துவிடும். இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கண்ணையன் கடையில் போனுக்குப் பக்கத்தில் நிற்பேன், மறக்காமல் கூப்பிடு. ஜெனிட்டாவைக் கூட வைத்துக்கொள்ள மாட்டேன், அவள் குரலைக் கேட்டு நீ முடிவு செய்ய வேண்டாம். மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. நீ வேண்டாம் என்று சொன்னால் சத்தியமாகக் கோபித்துக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை காலையில் போய் டி.சி. வாங்கிவிடுவேன், ஜீப் வந்ததும் எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நீ வந்ததும் உன் பிள்ளையை உன் கையில் ஒப்படைத்துவிடுவேன். அதற்கப்புறம் மூன்றாவது டீச்சர் ஏன் போனார் என்று தெருவில் யாராவது கேட்டால், அரசாங்கத்தைத் திட்ட எனக்கு வாய் இருக்காது.

கடவுளும் மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும், நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என்னிடம் இல்லை, ஜெனிட்டாவிடம் சொல்லி அனுப்பினாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சி. மிக்கேல்